வேலிப் பொட்டு

1978 ஐப்பசி, வியாழன் இரவு

இன்று சபியா தெருவாசல் படலையால் வந்தாள். கிண்ணியாவிலிருந்து கலியாணமாகி வந்து பதினொரு வருடமாக அடுத்த வீட்டில் இருக்கிறவள். ஒருநாளும் அந்தப் பக்கத்தால் வந்ததில்லை. இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. குனிந்து வந்தால் நேரே எங்கள் குசினி அடுப்படி.

இந்த மாதம் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டில் களவு. போன கிழமை எங்கள் சைக்கிளும் போனது. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் கந்தோர் வேலை முடிந்து வரும்போது முள்ளுக்கம்பி வாங்கிவந்து பொட்டை அடைத்தார்.

"ஊர் கெட்டுப்போச்சு. இனி ஆரையும் நம்ப ஏலாது" என்றார்.

சபியா மழையில் குடையோடு படலைக்கு வெளியே நின்று, "டீச்சர், உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டாள். கையில் எங்கள் சட்டி. எப்போதும் அதில் ஏதாவது போட்டுத்தான் திருப்பித் தருவாள். இன்று கழுவித் துடைத்து வெறுமையாகத் தந்தாள்.

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றேன்.

"இல்ல டீச்சர். சுத்திப் போக வேணும். புள்ளையள் தனிய."

அவள் வீடு பத்தடி தூரம்.

சைக்கிள் போன அன்று படலை திறந்து கிடந்தது. ஈர மண்ணில் சில்லுத் தடம் தெருவரைக்கும் போயிருந்தது. பொட்டுப் பக்கம் ஒரு தடமும் இல்லை. இதை நான்தான் முதலில் கண்டேன், இவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சபியா அந்தப் பக்கம் கொடியில் உடுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கம்பியை இழுத்துக் கட்ட, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.