அம்மாவின் பெட்டியில் வைத்தது

சதுரங்கப்பட்டினம்,
18.11.1978

என் அருமை மகள் ரெபேக்காளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பஸ்ராவில் கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போனது, நாங்கள் என்று போட இனி யார் இருக்கிறார்கள். தந்தி கிடைத்திருக்கும், அம்மா போய்ப் பத்து நாளாகிறது. உன் ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை என்று அழாதே, தந்திருந்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

நேற்றுதான் பள்ளிக்கூடம் போனேன். நைல், யூப்ரடீஸ், சிந்து, மூன்று ஆற்றங்கரை நாகரிகங்களையும் ஒப்பிடுக. இருபத்தாறு வருஷமாய் நடத்துகிற பாடம், உனக்கும் நான்தான் நடத்தினேன். சிந்துக்காரனுக்குச் சுட்ட செங்கல், மற்றவர்களுக்கு வெயிலில் காய்ந்த செங்கல் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தவன் பிணம் புதைக்கிற பகுதி வந்ததும் நின்றுவிட்டேன். நைல்காரன் ரொட்டியும் படகும் வைத்தான், நீ இப்போது இருக்கிற யூப்ரடீஸ் பக்கத்து ராஜாக்கள் வேலைக்காரர்களையே கூட அனுப்பினார்கள், சிந்துக்காரன் நாலு பானை, ஒரு வளையலோடு முடித்துக்கொண்டான். செத்தவன் எழுந்து சாப்பிடுவானா என்று கேட்டு வருஷா வருஷம் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன், நீயும் சிரித்திருக்கிறாய். நேற்று அதைக் கேட்காமலே புத்தகத்தை மூடிவிட்டேன்.

கண்ணு, இதை உன்னிடம் மறைத்தால் நான் மனுஷனில்லை. சம்பத்தைக் கட்டக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதமாய் நின்றாள், நீ கோபித்துக்கொண்டு போய் மூன்று வருஷம் அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, என்னை மன்னிச்சிடு கண்ணு என்று என் கையால்தான் உனக்கு எழுத வைத்தாள். உன் பதில் அவள் சாவதற்கு ஐந்து நாள் முன்பே வந்துவிட்டது. தபால்கார எல்லப்பன் பள்ளிக்கூடத்திலேயே என்னிடம் கொடுத்தான், மேலே அம்மா பேர் போட்டிருந்தது. உள்ளே கோபமாய் எழுதியிருந்தால் அந்த உயிர் தாங்காதே என்று பயந்து சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். நானாவது பிரித்துப் பார்த்திருக்கலாம், பார்த்தால் என் மூஞ்சியே அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னாய்யா, பொண்ணு லெட்டர் போடலியா என்று தினமும் கேட்பாள். போஸ்ட்டு லேட்டு, வந்துடும் என்பேன். கடைசி நாளும் கேட்டாள், கடைசி நாளும் அதே பொய்யைச் சொன்னேன், பாவி நான்.

பெட்டியை மூடும்போது உன் கடிதத்தைப் பிரிக்காமலே அவள் கைக்குள் வைத்தேன், படிக்க மூக்குக்கண்ணாடியையும் வைத்தேன். இன்னா வாத்தியாரே, அஞ்ஞானிங்க மாதிரி என்று அடக்க ஜெபம் பண்ண வந்த சாலமோன் ஐயர் காதோரம் கடிந்துகொண்டார். மூன்று ஆற்றங்கரைக்காரர்களுக்கும் எது பொது என்று இப்போது கேட்டால் சொல்வேன், இருக்கும்போது கொடுக்காததைத்தான் அவர்களும் வைத்திருப்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார். அந்தக் கடிதத்தில் திட்டியிருந்தால் அதை அப்படியே எனக்கு எழுது, கொஞ்சமாவது தூங்குவேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் மட்டும் என்னிடம் சொல்லாதே கண்ணு.

உன் அப்பா,
ஆபிரகாம்