நாற்பத்திரண்டு மில்லி ஆம்பியர்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். நனைக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து பைக்கை எடுக்கப் போனேன். சாவி போட்டதும் மீட்டரில் ஒரு மினுக்கு. பட்டனை அழுத்தினால் 'டிக்'. அவ்வளவுதான். பாட்டரி செத்துவிட்டது. பாட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லேபில் ஆடிட் என்று ஒரு வாரம் ஆபீஸ் காரில் போய்வந்தேன். வண்டி பேஸ்மென்டில் சும்மா நின்றது. சும்மா நின்றால் சாகுமா? போன வருடம் மூன்று வாரம் நின்றது, ஒன்றும் ஆகவில்லை.

அப்போதைக்கும் இப்போதைக்கும் ஒரே வித்தியாசம்: ஜூலை 5 அன்று மர்பி டவுன் மெக்கானிக் நியாஸ் மாட்டிக்கொடுத்த இரண்டு எல்.இ.டி. லைட்.

வாட்ச்மேன் வேடிக்கை. "மேடம், கிக்கர் இல்லையா இதுல?" இல்லை. "இவ்ளோ பெரிய வண்டிக்கு?" இல்லை. "அப்ப தள்ளணும்." இருநூறு கிலோ. தள்ளுங்களேன் என்றேன். கேட் பக்கம் ஏதோ வேலை வந்துவிட்டது அவருக்கு.

பானசவாடியிலிருந்து பொம்மனஹள்ளி வரை ஆட்டோ. எழுபது நிமிடம். தண்ணீர் சாம்பிள் பன்னிரண்டு காத்திருந்தது. ஒன்றைக்கூடத் தொடாமல் நியாஸுக்கு போன்.

"பாட்டரி போச்சு. உங்க வயரிங்தான்."

"சான்ஸே இல்ல மேடம். ரிலே போட்டு, ஃப்யூஸ் போட்டு, நீங்க வரைஞ்சு குடுத்த படத்தப் பாத்து பண்ணது."

"அப்ப கரண்ட எது குடிக்குது?"

குரலே மாறிவிட்டது. "நானே வந்து வண்டிய எடுத்துட்டுப் போறேன் மேடம். சாயங்காலம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் கழட்டாதீங்க. ப்ளீஸ்."

வர வேண்டாம் என்றேன். ப்ளீஸ் சொல்கிற மெக்கானிக்கிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

இந்த லைட்டுக்காக எவ்வளவு பார்த்தேன்:
— மஞ்சள். வெள்ளை கூடாது, மழையில் சுவர் மாதிரி நிற்கும்.
— தாழ்த்தி வைக்க வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி ஆகக் கூடாது.
— தனி ஸ்விட்ச்.
— கம்பெனி வயர் எதையும் வெட்டக் கூடாது. (நியாஸிடம் மூன்று தடவை சொன்னேன்.)

கணவர் சேகரிடம் சொன்ன காரணம்: நவம்பரில் கூர்க் பயணம்.
உண்மையான காரணம்: வியாழக்கிழமை.

பதினான்கு மாதமாக வியாழன் ஐந்து மணிக்கு லேபை விட்டுக் கிளம்பி, வீட்டுக்கு வராமல், சர்ஜாபுரம் தாண்டி பாகலூர் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் வரை போகிறேன். அதன் கைப்பிடிச் சுவரில் முக்கால் மணி நேரம் உட்காருகிறேன். போன் பைக்குள். ஒன்றும் செய்வதில்லை. பிறகு வீடு. வீட்டில் அதற்குப் பெயர் 'வியாழன் மீட்டிங்'. யாருக்கும் தெரியாத இடம் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான். ஏப்ரலில், இருட்டி வரும் நேரம், திரும்பும்போது பின்விளக்கே இல்லாமல் ஒரு ஜல்லி டிராக்டர். ஒரு முழம் இருக்கும்போது நின்றேன். அப்போதுதான் லைட் போட முடிவெடுத்தது.

போன வியாழன் ஆடிட்டில் போயிற்று. இந்த வியாழனும் போகாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

சாப்பிடும்போது சேகர்: "பாட்டரியெல்லாம் நியாஸ்கிட்ட விட்டுடு மாலா. நீ எதுக்கு கைய அழுக்காக்கிக்கற." சரி என்றேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. பாட்டரி போனதை அவரிடம் நான் சொல்லவில்லை. வாட்ச்மேன் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். அரை நாள் லீவு. பாட்டரி விடிய விடிய சார்ஜரில் இருந்தது.

6.30 பேஸ்மென்ட். மல்டிமீட்டர், ஸ்பானர், டார்ச், பழைய பெட்ஷீட். மூன்றாம் மாடி ஆன்ட்டி பால் பாக்கெட்டோடு நின்றார்.

"என்னம்மா, சேகர் ஊர்ல இல்லையா?"

"இருக்கார் ஆன்ட்டி. தூங்கறார்."

"பாவம்" என்றார். யார் பாவம் என்று சொல்லவில்லை.

அளந்தது:
எல்லாம் ஆஃப் — 42 மில்லி ஆம்பியர்.
லைட் ஃப்யூஸைப் பிடுங்கினால் — 2. (கடிகாரத்துக்கு. அது நியாயம்.)
திரும்பச் சொருகினால் — 42.

ஆக லைட் வயரில்தான் கசிவு. நாற்பத்திரண்டு என்றால் ஒன்பது நாளில் பாட்டரி காலி, கணக்கு சரியாக வருகிறது. நியாஸிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல வாக்கியங்கள்.

அதன் பிறகு ரிலேயைக் கழற்றிப் பார்த்தேன். ரிலே இல்லாமல் லைட்டுக்குக் கரண்ட் போக வழியே கிடையாது. அப்போதும் 42. லைட் இல்லை என்றால் வேறு ஏதோ அதே வயரில்.

சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில் ஒரு கிளை. என் படத்தில் இல்லாத கிளை. கறுப்பு டேப், சுத்தமான வேலை. மட்கார்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓரத்தில் பச்சைப் புள்ளி, நான்கு விநாடிக்கு ஒரு தடவை. திருப்பினேன். ஜி.பி.எஸ். டிராக்கர். சிம் கார்டு போடும் துளை. சிம் இருந்தது.

பெட்ஷீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் தோன்றியது திருடர்கள். அது ஒரு பத்து விநாடி தாங்கியது.

ஒன்றையும் தொடவில்லை. சீட்டை மூடிவிட்டு மேலே போனேன். சேகர் எழுந்து காபி போட்டிருந்தார். "சரியாச்சா?" "பாக்கணும்." அந்தக் காபியைக் குடித்தேன். குடித்ததுதான் இப்போது எரிகிறது.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

ஜூலை 10. மீட்டிங் இழுத்துவிட்டது என்றேன். "பாவம் நீ" என்று தோசை ஊற்றிக் கொடுத்தார்.
ஜூலை 17. டைரக்டர் விடவே இல்லை என்றேன். "அவனுக்கு வீடு வாசல் கெடையாதா" என்று என் சார்பில் திட்டினார்.
ஜூலை 24. டிராபிக் என்றேன். எங்கே என்று கேட்டார். சில்க் போர்டு என்றேன். தலையாட்டினார்.
ஜூலை 31. அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

பெட்டியை வைத்தது அவர்தான் என்றால். இன்னும் தெரியாது. சாம்பிளைப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான். நாளை மர்பி டவுன்.

ஆகஸ்ட் 13, புதன்

மேகம். மழை இல்லை. லேபுக்கு லேட் என்று மெசேஜ்.

பெட்டியோடுதான் ஓட்டிக்கொண்டு போனேன். அல்சூர் வரை ஒவ்வொரு சிக்னலிலும் அது எனக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு.

நியாஸ் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சீட்டைத் திறந்து காட்டினேன். நான் கேள்வி கேட்கவே இல்லை, அவரே சொன்னார்.

"சார்தான் மேடம் கொண்டாந்து குடுத்தாரு. அன்னிக்கி நீங்க வண்டிய விட்டுட்டுப் போனப்புறம். திருடு போனா தேடறதுக்குன்னாரு. மேடத்துக்குத் தெரியும்னாரு."

"தெரியும்னா, எதுக்கு கழட்டாதீங்கன்னீங்க?"

துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பத் துடைத்தார். "நீங்க போன் பண்ணப்பதான் மேடம் புரிஞ்சுது, உங்களுக்குத் தெரியாதுன்னு. சாருக்குச் சொன்னேன். நான் பாத்துக்கறேன், நீ வாயத் தெறக்காதன்னாரு."

"வண்டி யாருது?"

"உங்களுது."

"லைட்டு வாங்கினது?"

"நீங்க. எல்லாம் நீங்கதான் மேடம். ஆனா வூட்டுக்காரரு வந்து சொல்றாரு. நான் என்னா பண்ணட்டும் சொல்லுங்க. எங்க லைன்ல லேடீஸ் வண்டின்னா சார் ஒரு தடவ வந்துதான் பாப்பாரு. எல்லார் வூட்லயும் அப்டித்தான்."

ஸ்டூலில் ஒரு கஸ்டமர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு: "பாய், மேடம் கேக்கறது கரெக்ட்தான? சரி, நம்ம வண்டி எப்ப ரெடி?"

அந்த நேரம் பெஞ்சில் நியாஸின் போன் நடுங்கியது. திரையில் 'சேகர் சார்'. நான் இங்கே நிற்பதை மேப்பில் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார். மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்தோம்.

"எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. நின்றது. திரும்ப அடித்தது.

"கட்டர் குடுங்க."

"நான் எடுத்துத் தரேன் மேடம்."

"கட்டர்."

வெட்டினேன். பச்சைப் புள்ளி உடனே போகவில்லை. உள்ளே சின்ன பாட்டரி இருக்குமாம். வெட்டிய முனையை நியாஸ் டேப் சுற்றி மூடினார், கை சுத்தம். அளந்தேன். 2. "சாரி மேடம்" என்றார். நல்ல வேலைக்காரர். இனி அங்கே போக மாட்டேன்.

லேபில் பெட்டி என் டிபன் பைக்குள், தயிர் சாதத்துக்குப் பக்கத்தில். இன்னும் உயிரோடு. ஏழு ரிப்போர்ட் முடித்தேன். ஒன்றில் தசமப் புள்ளி தப்பு, நானே கண்டுபிடித்துவிட்டேன்.

மாலை 7. சேகர் வந்தார். பெட்டி மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அருகில். பார்த்தார். ஷூவைக் கழற்றினார். நிதானமாக.

"உன் நல்லதுக்குத்தான் மாலா. அந்த ரோட்ல எதாவது ஆச்சுன்னா?"

"எந்த ரோட்ல?"

ஷூவை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சொல்லிட்டு வெச்சிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

'அதான்' என்று ஒருவர் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது. எல்லோரிடமும் அவர் சொல்வது: "நான் அவள எதுக்கும் தடுத்ததில்ல." உண்மை. ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை.

"வியாழக்கிழம எங்க போறேன்னு தெரியும்."

"தெரியும். அந்தப் பாலம். ராகி வயல் பக்கத்துல."

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்தேன். மேப்பில் ராகி தெரியாது.

"வந்தீங்களா?"

"ரெண்டு தடவ."

"வந்து?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தள்ளி கார்லயே இருந்தேன். நீ பாட்டுக்கு ஒக்காந்திருந்த. யாரும் வரல. திரும்பிட்டேன்."

யாரும் வரல. இதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

"முதல் தடவயே யாரும் வரலையே. ரெண்டாவது தடவ எதுக்கு?"

விசிறியை ஒன்று கூட்டி வைத்தார்.

பிறகு: "நீயும் பொய்தான சொன்ன. ஒரு வருஷமா."

பொய்தான். பதினான்கு மாதம், எண்ணினால் ஐம்பதுக்கு மேல். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என் பொய் யார் பின்னாலும் கார் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் மறுநாள்தான் வாய் வரும்.

"அங்க ஒக்காந்து என்னதான் யோசிப்ப?" நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் யோசிக்கறதில்ல. அதுக்குத்தான் போறேன்."

"அத இங்கயே பண்ணலாமே. நான் பேச மாட்டேன்."

எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் வெயில், மத்தியானம் மேகம். பேச்சு வார்த்தை: சாவி எங்கே, அலமாரி மேலே.

பேஸ்மென்ட் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு இரண்டு லைட்டையும் சரிபார்த்தேன். இடதுபக்கம் ஒரு விரல் ஏறியிருந்தது. இறக்கினேன். அபார்ட்மென்ட் செயலாளர் மெசேஜ் போட்டுவிட்டார், சுவரில் கிறுக்கக் கூடாதாம். துடைத்துவிட்டதாகப் பதில். துடைக்கவில்லை.

5.00 கிளம்பினேன். சொல்லிக்கொண்டிருந்த மீட்டிங் இனி இல்லை, அதனால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர்ஜாபுரத்தில் ஒரே நெரிசல். 6.15 பாலம்.

உட்கார்ந்தேன். வெள்ளைக் கார் ஒன்று, சேகருடையது மாதிரி. இல்லை. ஒரு டாட்டா ஏஸ், கோழி. மறுபடி வெள்ளைக் கார், மெதுவாக வந்தது. இல்லை. ஓட்டியவர் வழி தேடுகிறவர், "அத்திபெலேக்கு இப்படியா?" என்றார். கை காட்டினேன். கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரம், கார் நிறுத்த வசதியான இடம். அங்கேதான் நின்றிருப்பார். ஒரு வருடத்துக்கு மேலாக வந்தும் அந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை. இன்று அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. முதுகு நிமிர்ந்தே இருந்தது, யாரோ பார்க்கிற மாதிரி. காலை மடக்கி உட்காரக்கூட வரவில்லை.

ஏழு நிமிடம். எழுந்துவிட்டேன்.

அழவில்லை. கோபத்தில் கிளவுஸ் வலது இடது மாறிப் போயிற்று.

திரும்பி வருகிற பக்கம் போகாமல் நேரே விட்டேன். இதுவரை போகாத ரோடு. தார் முடிந்து கொஞ்ச தூரம் மண். ஸ்விட்சைத் தட்டினேன். மஞ்சளாக, அகலமாக, பள்ளமெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. எதிரே ஒரு மொபெட்காரர் கண்ணை மூடாமல் கடந்து போனார். லைட் சரியாக வைத்திருக்கிறேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, முக்கால் மணி நேரம்.

8.40 வீடு. சேகர் கதவைத் திறந்தார். சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தது, இரண்டு தட்டு.

"எங்க போயிருந்த?"

விடை தெரியாமல் கேட்டார். ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. குரலே வேறாக இருந்தது.

"வெளிய."

"வெளியன்னா? பாலத்துக்கா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன். கை கழுவினேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. அவர் தட்டில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ஊர், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று இங்கேயும் எழுதவில்லை.