மூன்றாம், ஒன்பதாம் கணினிகளுக்கு ஒரே எண்

அனுப்புநர்
த. சுகிர்தபாய், எம்.எஸ்ஸி.,
கணினிப் பயிற்றுநர்,
அமரவிளை, நெய்யாற்றின்கரை வட்டம்.

பெறுநர்
விசாரணை அதிகாரி அவர்கள்,
எல்லையோரக் கணினிப் பயிற்சிக் கூட்டுறவுச் சங்கம்,
பாறசாலை.

பொருள்: நெட்வொர்க் கார்டுகளை மாற்றியதாக உதவியாளர் அம்பிளி மீதுள்ள குற்றச்சாட்டு – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பயிற்சி நிலையத்தின் பன்னிரண்டு கணினிகளை 21.9.98 அன்று திறந்தபோது, ஐந்தில் இருந்த நெட்வொர்க் கார்டுகள் அசல் அல்ல, வேறு யாரோ செய்த மலிவான கார்டுகள் என்று தெரியவந்தது. அறைச் சாவி அம்பிளியிடம் இருந்ததால், அவரே மாற்றியிருக்க வேண்டும் என்று வேலையிலிருந்து நிறுத்தியுள்ளார்கள்.

2. கணினிகள் வந்தபோது கார்டுகள் எல்லாம் அசலாகவே இருந்தன என்பதற்கு விற்பனையாளர் காட்டும் ஒரே ஆதாரம் 9.6.98 அன்றைய சோதனை. அவருடைய பொறியாளர் விஜயதாஸ் இங்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் இருந்தபடியே கணினிகளை ஒவ்வொன்றாக இயக்கச் சொல்லி, கார்டுக்குள் பதிந்திருக்கும் பன்னிரண்டு எழுத்து எண்ணைத் தொலைபேசியில் இணைத்த மோடம் வழியாகப் படித்தார். முதல் ஆறு எழுத்துகள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அவை சரி, ஆகவே அனைத்தும் அசல் என்றார். கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்டு எழுதுவது சோதனையாகுமா என்ற சந்தேகம் எனக்கு அன்றே இருந்தது. கேட்கவில்லை.

3. அந்தச் சோதனையின் அச்சுப் பிரதி இரண்டு தாள்கள். கடைசி ஆறு எழுத்துகள் கார்டுக்குக் கார்டு வேறுபட வேண்டியவை. அவற்றை யாரும் பார்க்கவில்லை. சென்ற வாரம் பார்த்தேன். முதல் தாளில் மூன்றாம் கணினிக்கும், இரண்டாம் தாளில் ஒன்பதாம் கணினிக்கும் பன்னிரண்டு எழுத்தும் ஒன்றே. ஓர் அசல் கார்டின் எண்ணைப் பார்த்து, ஐந்து போலிகளில் இந்த இரண்டிலும் பதித்திருக்கிறார்கள். அம்பிளியிடம் சாவி கொடுத்தது அந்தச் சோதனைக்கு மறுநாள்தான்.

4. ஒரே எண்ணுள்ள இரு கார்டுகள் ஒன்றாக இயங்கினால் இணைப்பு அறுந்துபோகும். முதல் வாரத்திலேயே அம்பிளி, "மூணையும் ஒம்பதையும் ஒண்ணா போடாதீங்க டீச்சரே, ரெண்டுக்கும் ஆகாதாக்கும்" என்றார். கணினிக்கு ஏது பகை என்று கடிந்து, சுவரில் அவர் சாக்கட்டியால் எழுதியிருந்த எச்சரிக்கையை அழிக்கச் செய்தேன். அழித்துவிட்டு, அதையே 15.6.98 தேதியிட்டுப் பணிப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார். திருடியவர் இப்படி எழுதிவைப்பாரா?

5. மற்ற மூன்று கார்டுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததை அம்பிளியின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே என் வாதம்.

ஆகவே, 19.10.98 அன்று முடிவெடுக்கும் முன், அச்சுப் பிரதியையும் பதிவேட்டையும் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்து, அம்பிளியை மீண்டும் பணியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். விஜயதாஸையும் இந்த முறை தொலைபேசியில் அல்லாமல் நேரில் வரவழைக்க வேண்டும். ஒரு கணினியையும் திறந்து பார்க்காமல் "அனைத்தும் அசல்" என்று அன்று சான்றளித்தது அம்பிளி அல்ல. அந்தச் சான்றில் உள்ள கையொப்பம் கீழே உள்ளதுதான்.

இணைப்பு: அச்சுப் பிரதி, பதிவேட்டின் நகல், என் சான்று, இம்மனுவின் மலையாளப் பிரதி.

இடம்: அமரவிளை
நாள்: 12.10.1998

இங்ஙனம்,
த. சுகிர்தபாய்