பியர்க் குவளையில் சுடுபால்

இன்று நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள், ஐந்து பேர். லேனாவும் நானும் மணமுடித்து ஒரு வருடம் ஆனதற்காக, ஜெர்மனியின் சவர்லாந்து மலைக் கிராமத்தின் அதே உணவு விடுதிக்கு வந்திருக்கிறோம். அம்மாவும் லேனாவின் பெற்றோரும் கூட. மான்கொம்பு மாட்டிய அதே சுவர், அதே மூலை மேசை. நாங்கள் எதுவும் கேட்பதற்குள் விடுதிக்காரி அம்மாவின் முன்னால் அரை லீற்றர் பியர்க் குவளை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே சுடுபால்.

அம்மாவுக்கு இன்று விரதம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எடுத்துக் குடித்தார். பாலின் ஆவி என் பக்கம் வந்தது. எழுந்து வெளியே வந்து, கார் தரிப்பிடத்தில் நின்று உனக்கு இதை எழுதுகிறேன், மச்சான்.

இரண்டு வருடங்களுக்கு முன் நாம் இங்கே வந்தது, லேனாவின் பெற்றோரை அம்மா முதன்முதலாகச் சந்திப்பதற்கு. கலியாணத்துக்கு அம்மா அதுவரை சம்மதம் சொல்லவில்லை. "முதல்ல ஆக்களைப் பாப்பம்" என்பதோடு சரி. அப்பா இல்லாத வீடு, எங்கள் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அம்மாதான் என் கூட்டாளியான உன்னைக் கூப்பிட்டார். டோர்ட்மண்டிலிருந்து நீ கார் ஓட்டினாய். நான் பாதை, பனிக்காலக் கார் ரயர், நேரம் எல்லாம் சரிபார்த்திருந்தேன். அம்மாவுக்கு மாட்டிறைச்சி ஆகாது என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதனால் லேனாவின் அப்பா முழு வாத்து ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தார். நவம்பரில் அவர்களுக்கு விருந்து என்றால் அதுதான்.

வாத்து வந்தது. அவரே கத்தியை எடுத்து, முதல் காலை வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு என் காதில்:

"தம்பி, இண்டைக்குச் சூரன்போர். நான் கந்தசட்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான்."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"விருந்துக்குக் கூப்பிட்ட ஆக்களிட்டைச் சாப்பிடமாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அது மரியாதையே?"

நான் வேலைக்காக டார்ம்ஸ்டாட்டில் இருந்தவன். அம்மாவின் விரத நாட்கள் என் நாட்காட்டியில் இல்லை. "ஒரு வாய் சாப்பிடுங்கோ, முருகன் கோவிக்கமாட்டார்" என்றேன். அம்மா அசையவில்லை.

லேனாவின் அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை. தொடாத தட்டு புரிந்தது. எங்களை வேண்டாம் என்கிறாரா என்று லேனாவிடம் மெல்லக் கேட்டார். லேனா என்னைப் பார்த்தாள். நான் விரதம் என்றால் என்ன, அது ஏன் வருடாவருடம் வேறு தேதியில் வருகிறது, சந்திரக் கணக்கு எப்படி என்று ஜெர்மனில் விளக்கத் தொடங்கினேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

"நீ சொல்லுறது எல்லாம் சரி மச்சான். ஆனா இப்ப ஆர் கேட்டது?"

பிறகு அவர் பக்கம் திரும்பி ஒரே வசனம் சொன்னாய்: இந்த அம்மா தன் மகனுக்காகப் பட்டினி கிடக்கிறார். அவ்வளவுதான். விடுதிக்காரியைக் கூப்பிட்டுச் சுடுபால் கேட்டாய், அதுவும் பியர்க் குவளையில்.

"அன்ரி, எல்லாரோடையும் குவளையை இடிச்சுப்போட்டுக் குடியுங்கோ. இடிக்கேக்கை கண்ணைப் பாக்கோணும், இல்லாட்டி இவையள் கோவிப்பினம்."

"ஐயோ, பியர்க் குவளையே! சனம் கண்டால் என்ன சொல்லும்?"

"வெள்ளையாத் தெரியுதுதானே அன்ரி. சனத்துக்குக் கண் இல்லையே?"

லேனாவின் அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். தான் பட்டாளத்துக்குப் போன வருடம் தன் அம்மாவும் இப்படிச் சாப்பிடாமல் இருந்தார் என்றார். குவளையைத் தூக்கினார். அம்மா அவர் கண்ணை நேராகப் பார்த்து, பலமாக இடித்தார். பால் மேசைவிரிப்பில் சிந்தியது. எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் கடைசியாகச் சிரித்தேன்.

உன் பங்கையும் அம்மாவின் பங்கையும் நீயே தின்றாய். திரும்பும் வழியில், காட்டுப் பாதையில், அம்மா பின்னாலிருந்து சொன்னார்: "அந்தாள் நல்ல மனுசன். ஓம் எண்டு சொல்லு." முன்னால் ஒரு வாகனமும் இல்லை. நீ நீளமாக ஹோர்ன் அடித்தாய்.

மீதி வாத்து அடுத்த கிழமை எங்கள் வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள் போட்ட கறியானது. லேனாவின் அப்பா வியர்த்துக்கொண்டே இரண்டாம் தரமும் கேட்டார்.

இந்தப் பங்குனியில் உன் இதயம் நின்றது. வைத்தியர் படம் போட்டு விளக்கினார். எனக்கு விளங்கியது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்து "ஏன் தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. பேசாமல் பக்கத்தில் இருந்தேன். அது உன்னிடமிருந்து வந்தது, மச்சான். என் படிப்பில் அது இல்லை.

லேனா ஜன்னலுக்குள்ளிருந்து கை காட்டுகிறாள். வாத்து வந்துவிட்டது. இனிச் செய்யப்போவது:

1. உள்ளே போய், எனக்கும் பியர்க் குவளையில் சுடுபால் சொல்வேன்.
2. லேனாவின் அப்பா வாத்தை வெட்டும்போது, எப்படி வெட்டவேண்டும் என்று சொல்லமாட்டேன்.
3. ஒரு வாத்துக் காலைப் பொதிகட்டி, நாளை உன் அம்மாவிடம் கொண்டுபோவேன். கறியை அவர் வைக்கட்டும். உன்னைப் பற்றிப் பேசினால், முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.