அரை ஸ்வரம் கீழே

மார்ச் 3, திங்கள்

இன்று பல் செட் லேபில் நாள் முழுக்கக் கடைவாய்ப் பற்கள்தான். யாருடைய மேல்வரிசையையோ தேய்த்துக்கொண்டே மேஜைக்கு அடியில் காலால் தாளம் போட்டிருக்கிறேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் பல்லு உன்னை என்ன பண்ணுச்சு, இப்படிப் போட்டுத் தேய்க்கறே?" என்றார். பல் ஒன்றும் பண்ணவில்லை. ஆல்பத்தின் கடைசி உருப்படிதான் என் உயிரை எடுக்கிறது.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. என் கிதார், எங்கள் டிரம்மர் ‘இடி’யின் டிரம்ஸ், எல்லாம் பதிவாகிவிட்டன. (இடி பகலில் குழாய் ரிப்பேர், மாலையில் டிரம்ஸ். இரண்டிலும் ஒரே அடிதான்.) ஆனால் கடைசி உருப்படியில் ஹெவி மெட்டலும் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் நேருக்கு நேர் மோத வேண்டும். இரண்டு வயலின், அவற்றுக்கு அண்ணன் மாதிரி ஒரு வயோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. அந்த நான்கையும் கீபோர்டில் வாசித்து ஒட்டிப் பார்த்தேன். பல் செட் மாதிரி இருக்கிறது. நான் பல் செட் செய்கிறவள், எனக்குத் தெரியும்.

செல்லோ என்றால் அக்காதான். பெரிய இசைக்குழு ஒன்றில் செல்லோ வரிசையில் மூன்றாவது நாற்காலி. என் இசை அவளுக்குச் சலவை மெஷினில் கல்லைப் போட்ட சத்தம். நான் வாசித்து ஒன்றைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை.

மார்ச் 5, புதன்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டேவிட்டேன்!

"மாசக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை தர்றேன். எங்க ஆளுங்க மூணு பேரையும் இழுத்துட்டு வர்றேன். நோட்ஸ் மட்டும் ஒழுங்கா எழுதி அனுப்பு" என்றாள். அவ்வளவுதான். ஒரு கிண்டல்கூட இல்லை. பயமாக இருக்கிறது.

பதிவையும் சேர்த்து அனுப்புவதுதான் முறை. அனுப்பவில்லை. முன்னாலேயே கேட்டால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். "வாலை மறைச்சுக் குரங்கை விக்கப் பாக்கறே" என்கிறார் என் வீட்டுக்காரர். விற்றால் சரி.

மார்ச் 16, ஞாயிறு

நோட்ஸ் எழுதி அனுப்பியாயிற்று. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, விரல் எங்கே போகிறதோ அதை அப்படியே எழுதினேன். என்ன அழகான கையெழுத்து! பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

எங்கள் ஸ்டூடியோ டயர் கடைக்கு மேலே ஒரே அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகள். அக்கா சின்ன வயதில் வாசித்த பழைய செல்லோவைக் கொண்டுவந்தாள். "டயர் கடைக்கு நல்லதைத் தூக்கிட்டு வர எனக்கென்ன பைத்தியமா?" நால்வரும் ஹெட்போன் மாட்டினார்கள். இடி பொத்தானை அழுத்தினான். என் கிதார் கிளம்பியது, நான்கு வில்லும் இறங்கின —

எனக்கே பல் கூசியது.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். "உன் கிதார் என்னடி ஸ்ருதி?"

திக்கென்றது. சத்தம் கனமாக வரட்டும் என்று பல வருஷமாகவே எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கித்தான் வைத்திருக்கிறேன். மெட்டல்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் விரல்கள் பழைய இடத்தைப் பழைய பேரிலேயே கூப்பிடுகின்றன. காதால் எழுத வேண்டியதை விரலால் எழுதித் தொலைத்திருக்கிறேன்; நோட்ஸ் முழுக்க கிதாரைவிட அரை ஸ்வரம் மேலே நிற்கிறது. பதிவை அனுப்பியிருந்தால் அக்கா அன்றைக்கே பிடித்திருப்பாள். அடிப் பாவி.

"கம்ப்யூட்டர்ல இவங்க சத்தத்தை இறக்கிடலாங்க" என்றான் இடி. அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு டிரம்ஸில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. வயோலாக்காரர் எல்லா ஸ்வரத்தையும் மனசிலேயே இறக்கி வாசித்துப் பார்த்தார். "விரல்ல முடிச்சு விழுதும்மா" என்று வில்லைக் கீழே வைத்தார்.

போச்சு. பெட்டியை மூடப்போறா. வந்ததே பெருசு, வந்தவளை நானே துரத்திட்டேன் — இதுதான் ஓடிக்கொண்டிருந்தது மண்டைக்குள்.

"அந்தக் கிதாரை மட்டும் தனியாப் போடு" என்றாள் அக்கா.

கேட்டாள். முதலிலிருந்து கடைசி வரை. கண்ணை மூடிக்கொண்டு. நடுவில் அந்த வேகமான ஓட்டம் வந்தபோது தலையைத் தூக்கினாள்.

"இது என் காலைப் பாடம்தானே? சின்ன வயசுல பக்கத்து ரூம்ல தினமும் வாசிப்பேனே. நீகூடச் சுவத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லுவியே?"

"நிறுத்தச் சொல்லலைக்கா. மெதுவா வாசின்னு தட்டினேன். என்னால கூடவே வர முடியலை."

அக்கா செல்லோவைச் சாய்த்து முறுக்காணியைத் திருக ஆரம்பித்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினாள். "என்ன வேடிக்கை? நீங்களும் இறக்குங்க" என்று மற்ற மூவருக்கும் அதட்டல். வயோலாக்காரர் பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்ன மாதிரி முனகினார். கம்பிகள் ஒரு இடத்தில் நிற்காமல் நழுவ, திரும்பத் திரும்பச் சேர்க்க, இரண்டு தடவை காபி ஆனது.

பிறகு அக்கா அடிக் கம்பியில் வில்லை இழுத்தாள். தரைப் பலகை அதிர்ந்தது.

"ஏய், இது உறுமுதுடி!"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வாசித்தார்கள். என் கிதார் ஓடியது, அவள் செல்லோ துரத்தியது, ஒரு இடத்தில் முந்தியும் போனது. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. ஆனாலும் அக்கா, "இன்னொரு தடவை" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டயர் கடைக்காரர் மேலே வந்து, கீழே அடுக்கியதெல்லாம் உருண்டுவிட்டதாகச் சொன்னபோது அவரையே கட்டிப்பிடிக்கப் பார்த்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

லேபில் விசிலடித்தேன். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். ஆல்பத்துக்குப் பேர் கிடைத்துவிட்டது: பக்கத்து அறை.

ஜூன் 20, வெள்ளி

ஆல்பம் வெளியே வந்துவிட்டது. யாரோ ஒருவர், "கடைசிப் பாட்டுல உறுமறது என்ன கிதார்?" என்று எழுதியிருந்தார். காலையிலேயே அக்கா போன். "கிதாராமே! கிதாராம்! யாருடி அவன்?" கோபம் மாதிரியே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாளாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்து மூலையில் அந்தப் பழைய செல்லோ நின்றது. சும்மா இருக்காமல் கம்பியை விரலால் சுண்டினேன்.

அரை ஸ்வரம் கீழே.

"இன்னும் ஏத்தலையா?" என்று கத்தினேன்.

"நீ எப்ப வந்து நிப்பேன்னு யாருக்குத் தெரியும்?" குழாயை மூடாமலேயே பதில் சொன்னாள்.

கிதார் காரில்தான் இருந்தது. போய் எடுத்து வந்தேன்.