வரைவோலையில் எழுதிய பெயர்

மார்ச் 4, செவ்வாய்

ஏல நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது. கடனில் மூழ்கி மூடிப்போன எங்கள் கம்பெனியின் ஆறு வேன்களையும் பன்னிரண்டாம் தேதி ஏலம் விடுகிறார்கள். நான் பதினோரு வருடம் ஓட்டிய நாலாம் நம்பரும் பட்டியலில் இருக்கிறது. மற்றவர்கள் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதன் மூன்றாவது கியர் எப்போது முரண்டு பிடிக்கும், எந்தக் கதவை உதைத்தால்தான் மூடும் என்பதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பள்ளிக்கூடத்தின் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதிக்குள்ள சொந்த வண்டியோட வாங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்."

மார்ச் 6, வியாழன்

ஏல ஆபீசுக்கு ஃபோன் செய்தேன். ரொக்கம் வாங்க மாட்டார்களாம், செக்கும் கூடாதாம். பாங்க்கில் முன்கூட்டியே பணத்தைக் கட்டி டிராஃப்ட், அதாவது வரைவோலை, எடுத்து வர வேண்டும். ஏலம் கேட்டுவிட்டுக் கம்பி நீட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். நியாயம்தான்.

பணம் என் மனைவியுடையது. ஒன்பது வருடம் தையல் மெஷினில் முதுகு ஒடிய உட்கார்ந்து, மகள் படிப்புக்கென்று சேர்த்தது. கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"வண்டி வந்தா இது திரும்ப வந்துடும்ல?" என்றாள்.

"ஒரே வருஷத்துல" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பாங்க்குக்குக் கிளம்பும்போது, "யார் பேருக்கு எடுக்கணும்?" என்று கேட்டாள்.

"கம்பெனி பேருக்குத்தான், வேற யாருக்கு?"

நோட்டீஸை ஒருதரம் பார்த்துவிடலாமே என்றாள். பதினோரு வருடம் அந்தப் பேரில் சம்பளம் வாங்கியவனுக்குத் தெரியாதா என்று கிண்டல் செய்து அனுப்பிவைத்தேன். எங்களால் முடிந்த உச்சத் தொகைக்கு எடுத்து வந்திருக்கிறாள். ஏலம் குறைவாக முடிந்தால் மீதியைத் திருப்பித் தருவார்களாம்.

மார்ச் 12, புதன்

எழுதக் கை வரவில்லை.

நாலாம் நம்பர் எனக்குத்தான் விழுந்தது. போட்டிக்கு நின்ற பழைய இரும்புக் கடைக்காரர் கடைசியில் கையை இறக்கிவிட்டார். பயந்ததைவிடக் குறைந்த விலை. திரும்பி அவளைப் பார்த்தேன், சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து!

கவுண்டரில் குமாஸ்தா வரைவோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மூடுன கம்பெனி பேர்ல இருக்கே. ஏல அதிகாரி பேருக்குல்ல எடுக்கணும்? நோட்டீஸ்ல ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்கு."

"பாங்க்கே பொறுப்பேத்துக்கிட்ட பணங்க இது" என்றேன்.

"பணம் இல்லன்னு யாரு சொன்னா? அந்தப் பேருக்கு இருக்கு. எங்களுக்கு இல்லையே."

பன்னிரண்டு மணி வரை டயம் கொடுத்தார்கள். ரத்து செய்து வேறு ஓலை கொடுக்க மூன்று நாளாகும் என்றது பாங்க். அதிகாரி காலில் விழாத குறை. பன்னிரண்டு அடித்ததும் இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சரியான ஓலையோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால் அவள் பக்கம் திரும்பினேன். "ஒரு பேர ஒழுங்கா எழுதத் துப்பில்லையாடி உனக்கு? குடியக் கெடுத்துட்டியே!"

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஓலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மார்ச் 13, வியாழன்

பேரைச் சொன்னது நான்தான்.

மார்ச் 15, சனி

"அம்மா தப்பா எழுதிட்டாங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அவள் அம்மா அதே அறையில்தான் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மார்ச் 19, புதன்

இரும்புக் கடை வழியாகப் போனேன். நாலாம் நம்பரின் கூரையை அறுத்து எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் வேறு ஆள் போட்டாயிற்றாம்.

மார்ச் 22, சனி

மகள் வெளியே விளையாடப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். "தப்பு என்மேலதான். நான்தான் அந்தப் பேரச் சொன்னேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னுதான் பத்து நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"இப்பச் சொல்லிட்டேன்ல."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்டச் சொன்னீங்களா?"

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்ல என்ன வெட்கம்? ச்சீ, என்ன மனுஷன் நான்.

மார்ச் 28, வெள்ளி

ரத்தான ஓலையின் பணம் வந்துவிட்டதா என்று பாங்க்கில் விசாரித்தேன்.

"போன வாரமே வந்தாச்சே" என்றார் கவுண்டர்காரர். "அம்மா நேத்து இன்னொரு டிராஃப்ட் எடுத்தாங்க. பேர எழுதிட்டு மூணு தடவ என்கிட்டப் படிச்சுக் காட்டுனாங்க, பாவம். வீட்டு அட்வான்ஸாமே! எப்ப மாறுறீங்க?"

"சீக்கிரம்" என்றேன். வீடு மாறுவது எனக்கே அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால், அவள் தையல் மெஷினைப் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். மகள் திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கனமா இருக்கும். எங்கன்னு சொல்லு, நான் கொண்டுவந்து போடுறேன்" என்றேன்.

"வேணாங்க" என்றாள். "எனக்கும் இவளுக்கும் வண்டி சொல்லியிருக்கேன்."