மொட்டையும் முகப்பதிவும்

ஜூன் 9, திங்கள்
மேல்காற்று. விடியும்போதே கண்ணெல்லாம் மண். முக்காடு தலையில் நிற்கவே இல்லை.
நேற்று வேளாங்கண்ணியில் முடி இறக்கினேன். பன்னிரண்டு வருடமாகத் திருக்கோகர்ணம் தெருக்களில் குப்பை அள்ளுகிறேன். நிரந்தர வேலைக்கான பட்டியலில் பேர் ஏறினால் மொட்டை போடுவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தேன். ஏறிவிட்டது என்று போன வாரம் சங்கத்து ஆள் சொன்னார். அதற்கு மேல் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.
இப்போது குப்பை வேலையைப் புதுக் கம்பெனியிடம் விட்டிருக்கிறார்கள். வருகைக்குக் கையெழுத்து கிடையாது. ஐந்தரை மணிக்கு சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினேன். ‘பதிவு இல்லை’. மூன்று தடவையும் அதேதான். போனில் இருப்பது முடியோடு எடுத்த முகம். கூட வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
முழு நாள் வேலை. கணக்கில் ஆப்சென்ட்.

ஜூன் 10, செவ்வாய்
இன்றும் பதிவு இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால் பேர் அழிந்துவிடுமாம். “நான் அழிக்கல சகாயம், அதுவா அழிஞ்சிரும்” என்றார் அண்ணன். இது ஒரு ஆறுதலா.
செய்ய வேண்டியவை:
கம்பெனிக்கு போன்.
ஜெனியின் ஸ்கூல் பாரத்தில் கையெழுத்து. பிள்ளை பிளஸ் டூ.
கையுறை கிழிசல். புதுசு கேட்க. (எந்த முகத்தோடு கேட்பது?)
இட்லிக்கு ஊறப்போட.

ஜூன் 11, புதன்
பஞ்சவர்ணம் தன் சவுரிமுடியைக் கொண்டுவந்தாள். ஊசி குத்த எனக்கு முடி ஏது. தலையில் துணியைக் கட்டி, துணியில் குத்தி, முன்னால் இழுத்துவிட்டாள். போன் ஏமாறவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.
காதில் விழுந்தது: “அந்த வார்டுல பாதிப் பேர நிறுத்திட்டாகளாம். பேட்டரி வண்டி வந்துருச்சுல்ல.”
சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் என்னைத் தெரியும் என்கிறார், கவுன்சிலர் வீட்டுக்காரம்மா தெரியும் என்கிறார், நாய்கூட வாலாட்டுகிறது. போனுக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்
மதியம் கம்பெனி லைன் கிடைத்தது. சின்னப் பெண் குரல். பழைய பதிவைத் திருத்த முடியாதாம், புது ஆளாகச் சேர்க்கலாமாம். என் பன்னிரண்டு வருடம் என்ன ஆகும் என்று கேட்டேன்.
“அது எங்க சிஸ்டத்துல வராது மேடம்.”
சங்கத்து ஆளிடம் ஓடினேன். புதுசாகப் பதிந்தால் சர்வீஸ் போய்விடும், நிரந்தரப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்றார். “அவசரப்படாதீங்க, மனு போடுவோம்.” மனுவுக்குப் பதில் எப்போது வரும் என்றால், மாசக் கணக்கு ஆகும் என்கிறார். எனக்கு இருப்பது ஒரு நாள்.
மாதா மேல் கோபம். பட்டியலில் ஏற்றியதும் நீ, இறக்குவதும் நீயா? எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.
காய்ந்த துணியை எடுக்க மறந்துபோனேன்.

ஜூன் 13, வெள்ளி
ஐந்தாவது நாள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
“புதுசா பதியவா வேண்டாமான்னு ஆறு மணிக்குள்ள சொல்லிரு சகாயம். விட்டா நாளைக்கு நீ யாரோ, நான் யாரோ. வாசல்ல பாரு, எத்தன பேரு நிக்கிதுகன்னு.”
பார்த்தேன். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள், முதல் பஸ்ஸில் வேலை கேட்டு வந்தவர்கள். ஒருத்தி இடுப்பில் கைப்பிள்ளை. அவர்கள் மேல் எரிச்சல் வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.
ஆறுக்கு ஐந்து நிமிடம். புதுசாகவே பதியச் சொன்னேன். மொட்டை முகம் ஒரே தடவையில் ஏறியது. சேர்ந்த நாள்: இன்று. முன் அனுபவம்: இல்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
புது ஆட்களுக்குப் பத்து மணிக்குக் குப்பை பிரிக்கும் பயிற்சி. போகாவிட்டால் இதுவும் ரத்தாம். போனேன். கம்பெனிப் பெண், ஜெனியை விட நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள், வாழை இலையைத் தூக்கிக் காட்டினாள்.
“அக்கா, நீங்க சொல்லுங்க. இது எந்தத் தொட்டி?”
பச்சை என்றேன்.
சரியான பதில் என்று எல்லோரையும் எனக்குக் கைதட்டச் சொன்னாள். தட்டினார்கள்.